விளையாட்டைப் பாடமாக்கிய ஆனி சல்லிவன்

விளையாட்டும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் பலர். ஆனால், கண்ணும் காதும் இழந்த ஒரு சிறுமிக்கு விளையாட்டின் வழியாகவே மொழியை ஊட்டி, உலகம் போற்றும் மேதையாக்கினார் ஓர் ஆசிரியை. அவர்தாம் ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆனி சல்லிவன்.

ஆனி 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கண்நோய் கண்டு பார்வை மங்கியது. தாய் இறந்தார், தந்தை கைவிட்டார். 1876இல் ஆனியும் தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்னும் ஊரில் இருந்த ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே இறந்தவர்களைக் கிடத்தும் அறைதான் அக்குழந்தைகளுக்கு விளையாடக் கிடைத்த இடம்! சில மாதங்களில் ஜிம்மியும் இறந்தான்.

ஆனி மனம் தளரவில்லை. விடுதியைப் பார்வையிட வந்த பெரியவர்களிடம், தம்மைப் பள்ளிக்கு அனுப்பும்படி மன்றாடினார். 1880இல் பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினான்கு. தம் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அறுவைச் சிகிச்சையால் ஓரளவு பார்வை திரும்பியது. 1886இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அப்பள்ளியில் கண்ணும் காதும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் அம்மையார் வாழ்ந்து வந்தார். அவரோடு உரையாடுவதற்காக ஆனி விரல் எழுத்துகளைக் கற்றார். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல்களால் ஒரு வடிவம் காட்டுவதே விரல் எழுத்து. இம்முறையை விளக்கும் நூல் 1620இலேயே ஸ்பெயினில் அச்சாயிற்று. சைகை மொழியோடு சேர்ந்து இன்றும் அது வழங்குகிறது.

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா நகரில் ஆனி ஹெலனைச் சந்தித்தார். ஹெலனுக்கு அப்போது ஆறு வயது. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே நோயால் கண்ணும் காதும் இழந்தவள்; அடங்காத பிடிவாதக்காரி. ஆனி ஒரு பொம்மையைக் கொடுத்து, அதன் பெயரை அவள் உள்ளங்கையில் விரலால் எழுதினார். ஹெலனோ அதை ஒரு விரல் விளையாட்டு என்றே எண்ணி, தானும் செய்து காட்டினாள். ஏப்ரல் 5ஆம் நாள், குழாய் நீர் ஒரு கையில் கொட்ட, மறு கையில் ஆனி நீர் என்னும் சொல்லை எழுதியபோதுதான், ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு என்று அவளுக்குப் புலப்பட்டது.

தொடக்கத்தில் ஆனி மணிக்கணக்கு வகுத்தே கற்பித்தார். ஹெலனின் உறவினரான ஒன்றேகால் வயதுக் குழந்தையைக் கவனித்தபின் அவர் மனம் மாறியது. அக்குழந்தை எந்தப் பாடமும் இன்றியே மொழியைப் புரிந்துகொண்டது! உடனே கால அட்டவணையைக் கைவிட்டார். ஆடிப்பாடித் திரியும் வேளையே வகுப்பு வேளையாயிற்று.

பந்தை ஒளித்துவைத்துத் தேடுவது ஒரு விளையாட்டு. முதலில் எங்கே தேடுவது என்றே ஹெலனுக்கு விளங்கவில்லை. அங்குலமே நீளமுள்ள சிறு பெட்டியிலும் ஒளித்த பொருளைத் தேடுவாள். சில நாள்களிலேயே நிலைமை மாறியது. ஒருநாள் ஆனி பிஸ்கோத்து ஒன்றை ஒளித்தார். எங்கும் கிடைக்காமற்போகவே, ஹெலன் ஆனியின் வாயைத் திறந்து தடவிப் பார்த்து, வயிற்றைச் சுட்டிக்காட்டி, தின்றுவிட்டீர்களா என்று விரலால் கேட்டாளாம்!

இன்னொன்று சீட்டு விளையாட்டு. தொட்டு உணரும் எழுத்தில் சொற்கள் அச்சிட்ட சீட்டுகளைப் பொருள்கள்மேல் வைத்து வாக்கியம் அமைக்க வேண்டும். ஒருநாள் சிறுமி என்னும் சீட்டைத் தன் உடையில் குத்திக்கொண்டு, அலமாரிக்குள் நின்று, மற்றச் சொற்களை அதன் தட்டில் அடுக்கினாள் ஹெலன். சிறுமி அலமாரியில் இருக்கிறாள் என்னும் வாக்கியத்துக்கு அவளே எழுவாயானாள்! நாம் இலக்கண வகுப்பில் இப்படிக் கற்றால் மறப்போமா?

மணி கோத்து எண் கற்றாள். ஆற்றங்கரையில் கூழாங்கற்களால் அணை கட்டி, தீவும் ஏரியும் அமைத்துப் புவியியல் கற்றாள். பின்னல் வேலையும் பழகித் தாய்க்கு ஒரு துணி பின்னினாள். பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரில் வாழும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறதல்லவா?

விளையாட்டாகக் கற்பித்தார் என்றால் எளிதாகக் கற்பித்தார் என்று பொருளன்று. காலை முதல் இரவு வரை அவர் விரல்கள் ஓயவில்லை. ராட்கிளிஃப் கல்லூரியில் ஹெலனின் அருகே அமர்ந்து, விரிவுரைகளையெல்லாம் அவர் கையில் எழுதினார். ஹெலனுக்காக நூல்களைப் படித்துப் படித்துத் தம் குறைந்த பார்வையையும் வருத்திக்கொண்டார். 1904இல் ஹெலன் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1936 அக்டோபர் 20ஆம் நாள் ஆனி மறைந்தார். ஹெலன் 1955இல் நம் இந்தியாவுக்கும் வந்து, பார்வையற்றோர் நலனுக்காகப் பேசினார்.

நம் தமிழ்நாட்டிலும் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்குப் பள்ளி அமைத்தார். அவர் பெயரால் அது விளங்குகிறது.

தோழியரே! லாரா அம்மையாரின் தனிமையைப் போக்கக் கற்ற விரல் எழுத்தே பின்னர் ஹெலனுக்கு உலகைத் திறந்தது. வரும் விடுமுறையில் நாமும் சில சைகைகளைக் கற்போம். நம் தெருவில் காது கேளாத ஒரு சிறுமி இருந்தால், அவளையும் நம் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம்.