பார்த்து வரைந்து கற்ற ஓவியர்

கேரளத்திலுள்ள கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு இரவிவர்மா பிறந்தார். ஓவியத்தில் அவருக்கிருந்த ஆர்வத்தைக் கண்ட தாய்மாமன் இராசராச வர்மா, அவருக்கு முதற்பாடம் கற்பித்தார்.

இரவிவர்மா பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குச் சென்றார். அங்கே அரண்மனை ஓவியர்களின் பணியைக் கவனித்து நீர்வண்ண ஓவியம் பழகினார். மன்னர் ஆயில்யம் திருநாள், அரண்மனையிலிருந்த ஐரோப்பிய ஓவியத் தொகுப்புகளைக் காண இசைவளித்தார். முகத்தில் ஒளி விழும் இடத்தையும் நிழல் படியும் இடத்தையும் இரவிவர்மா அவற்றில் உற்றுநோக்கினார். பார்த்துப் பார்த்து வரைந்தார்.

1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ணக் கலையைக் கற்பிக்க அவர் விரும்பவில்லை. தாம் தீட்டும்போது அருகிலிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். இரவிவர்மா மனம் தளரவில்லை. கண்டதை மனத்தில் இருத்தித் தனியே வரைந்து பழகினார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1873இல், அவரது ஓவியம் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றது.

புகழ்பெற்ற பின்னும் அவர் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. நேரில் காண இயலாதவர்களை ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்தார். 1901இல் உதயப்பூர் சென்றார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த மகாராணா பிரதாப்பின் உருவத்தை, பழைய ஓவியங்களைத் துணையாகக் கொண்டு தீட்டினார்.

1906இல் இரவிவர்மா மறைந்தார். கற்பிப்பார் இல்லாத இடத்திலும் அவருடைய கண்ணும் கையும் கற்றுக்கொண்டே இருந்தன.

பொருள் அறிக: இசைவு – சம்மதம், ஒளிப்படம் – புகைப்படம்.

விடை எழுதுக:
1. ஜென்சன் எதற்கு மட்டும் இசைந்தார்?
2. பிரதாப்பின் உருவத்தை இரவிவர்மா எவ்வாறு வரைந்தார்?