அகஸ்டஸ் சீசர்

அகஸ்டஸ் (செப்டம்பர் 23, கி.மு. 63 – ஆகஸ்ட் 19, கி.பி. 14) உரோமைப் பேரரசின் முதல் பேரரசர் ஆவார். இவரது இயற்பெயர் கையஸ் ஒக்டேவியஸ். பிறப்பால் வந்த இப்பெயரை நீக்கி, சீசர், அகஸ்டஸ் ஆகிய பெயர்களை ஏற்றது இவரது அரசியல் உயர்வுக்குப் பெரிதும் துணைபுரிந்தது.

பிறப்பும் குலப்பெயரும்

உரோமை நகரில் பிறந்த இவரது தந்தை வழிக் குடும்பம் வெலித்ரே என்னும் ஊரைச் சேர்ந்தது. தாய் அத்தியா, யூலியஸ் சீசரின் சகோதரி மகள். தந்தை கி.மு. 59 இல் இறந்தார்.

உரோமை ஆண்களின் பெயர் பொதுவாக முற்பெயர், குலப்பெயர், கிளைப்பெயர் என மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒக்டேவியஸ் என்ற குலப்பெயர், இலத்தீனில் "எட்டாவது" எனப் பொருள்படும் ஒக்டேவஸ் என்ற சொல்லுடன் தொடர்புடையது. குவின்டஸ் (ஐந்தாவது), செக்ஸ்டஸ் (ஆறாவது), டெசிமஸ் (பத்தாவது) என்பன முற்பெயர்களாக வழங்கின. பெண்கள் குலப்பெயரின் பெண்பால் வடிவத்தால் அழைக்கப்பட்டனர். இதனால் அகஸ்டசின் சகோதரிகள் இருவருக்கும் ஒக்டேவியா என்பதே பெயர். மூத்தவர், இளையவர் என்ற அடைமொழிகளால் அவர்கள் வேறுபடுத்தப்பட்டனர்.

சீசர் என்ற பெயர்

கி.மு. 44 மார்ச் 15 அன்று யூலியஸ் சீசர் கொல்லப்பட்டபோது ஒக்டேவியசுக்கு வயது 18. சீசர் தமது உயிலில் இவரைத் தத்து மகனாக அறிவித்திருந்தார். அப்பெயரை ஏற்பது ஆபத்தானது என மாற்றாந்தந்தை தடுத்தும் இவர் ஏற்றார். தத்துச் சென்றவர் பழைய குலப்பெயரைத் திரித்து இறுதியில் சேர்ப்பது வழக்கம். அவ்வாறு அமைந்த ஒக்டேவியானஸ் என்ற பெயரை இவர் பயன்படுத்தவில்லை; வரலாற்றாசிரியர்களே அதனைப் பெரிதும் வழங்குகின்றனர். சீசர் என்ற பெயருக்காகவே அவரது பழைய படைவீரர்கள் இவரிடம் திரண்டனர்.

கி.மு. 43 இல் மார்க் ஆண்டனி, லெப்பிடஸ் ஆகியோருடன் இணைந்து ஆட்சியைக் கைப்பற்றினார். அப்போது சிசெரோ உட்படப் பலர் கொல்லப்பட்டனர். கி.மு. 31 இல் அக்டியம் கடற்போரில் ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் வென்றார். அடுத்த ஆண்டு, சீசரின் மகன் எனக் கூறப்பட்ட சிசேரியன் இவரது ஆணையால் கொல்லப்பட்டார். சீசரின் பெயருக்கு வேறு உரிமையாளர் இருப்பதை இவர் விரும்பவில்லை.

அகஸ்டஸ் பட்டம்

கி.மு. 27 இல் செனட் சபை இவருக்கு "வணக்கத்துக்குரியவர்" எனப் பொருள்படும் அகஸ்டஸ் என்ற பெயரை வழங்கியது. ரோமுலஸ் என்ற பெயரும் கருதப்பட்டது. அது மன்னராட்சியை நினைவூட்டியதால் தவிர்க்கப்பட்டது.

நாட்காட்டி

பழைய உரோமை ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. எனவே ஐந்தாம் மாதம் குவின்டிலிஸ், ஆறாம் மாதம் செக்ஸ்டிலிஸ் எனப்பட்டன. குவின்டிலிஸ் கி.மு. 44 இல் சீசரின் நினைவாக யூலை ஆனது. செக்ஸ்டிலிஸ் கி.மு. 8 இல் ஆகஸ்ட் ஆனது. அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பரில்; எனினும் இவர் முதன்முதலில் கான்சல் பதவி ஏற்றதும் அலெக்சாந்திரியாவைக் கைப்பற்றியதும் செக்ஸ்டிலிசில் என்பதால் அம்மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெப்ரவரியிலிருந்து ஒரு நாளை எடுத்து ஆகஸ்டில் சேர்த்தார் என்பது பிற்காலக் கதை. சீசரின் சீர்திருத்தத்திலேயே அம்மாதத்துக்கு 31 நாட்கள் இருந்தன. செப்டம்பர் (ஏழு), அக்டோபர் (எட்டு), நவம்பர் (ஒன்பது), டிசம்பர் (பத்து) ஆகிய மாதங்களில் பழைய எண்கள் இன்றும் நிலைத்துள்ளன.

உரோமர்கள் தொடக்கத்தையும் சேர்த்து எண்ணுவர். நான்காம் ஆண்டுதோறும் ஒரு நாள் கூட்டுக என்ற சீசரின் விதியைப் பூசாரிகள் அவ்வாறு எண்ணியதால், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நெட்டாண்டு (லீப் ஆண்டு) வந்தது. அகஸ்டஸ் சில நெட்டாண்டுகளை விலக்கி இப்பிழையைச் சரிசெய்தார்.

இறப்பும் பெயரின் தொடர்ச்சியும்

அகஸ்டஸ் கி.பி. 14 இல், தம் பெயர் கொண்ட மாதத்திலேயே, நோலா நகரில் இறந்தார். தமிழ்நாட்டில் கிடைத்துள்ள உரோமை நாணயங்களுள் இவர் வெளியிட்டவையும் உள்ளன. அவற்றில் சீசர், அகஸ்டஸ் என்ற பெயர்கள் உள்ளனவேயன்றி, ஒக்டேவியஸ் என்பது இல்லை. பிற்காலத்தில் சீசர் என்ற பெயரே பேரரசரைக் குறிக்கும் பட்டமாகி, செருமனியில் கைசர் எனவும் உருசியாவில் சார் எனவும் வழங்கியது.