தவளை, வெட்டுக்கிளி, இன்சுலின்: ஆகஸ்ட் க்ரோக் போட்ட உயிர்க் கணக்கு

இன்சுலின் பேனாவிலோ, எடைக் குறைப்பு ஊசி பற்றிய செய்திகளிலோ ‘நோவோ நோர்டிஸ்க்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். டென்மார்க் கம்பெனி. அந்தப் பெயரின் பின்பாதியான ‘நோர்டிஸ்க்’கைத் தொடங்கியவர்களில் ஒருவர் மருத்துவரே கிடையாது, மருந்து வியாபாரியும் கிடையாது. தவளை எந்த வழியாக மூச்சு விடுகிறது, ஒரு புழு எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று அளந்துகொண்டிருந்த விலங்கியல் பேராசிரியர். பெயர் ஆகஸ்ட் க்ரோக். அவர் எப்படி இன்சுலினுக்கு வந்து சேர்ந்தார்? அதற்கு அவருடைய மனைவி மரியின் ரத்தத்தில் ஏறிய சர்க்கரை ஒரு காரணம். ஆனால் அதற்குள் அவர் வாழ்க்கையில் கால் நூற்றாண்டு ஆராய்ச்சி முடிந்திருந்தது.

குளத்துப் புழுவும் நீர்மூழ்கிக் கப்பலும்

1874 நவம்பர் 15. டென்மார்க்கின் ஜட்லாண்ட் பகுதியில் கடலோரச் சிற்றூரான கிரெனோவில் க்ரோக் பிறந்தார். அப்பா கப்பல் கட்டத் தெரிந்தவர். பையனுக்கும் கடல் மேல் ஆசை. பதின்ம வயதில் கடற்படைக்குப் போகிறேன் என்று கொஞ்ச காலம் கப்பலில் இருந்துவிட்டு, திரும்பிவந்து படிப்பைத் தொடர்ந்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கத்தான் சேர்ந்தார். ஆனா மனசு விலங்குகள் பக்கமே போனது. பாடத்தை மாற்றிக்கொண்டார்.

மாணவராக இருந்தபோதே ஒரு புழு அவரைப் பிடித்துக்கொண்டது. கொரீத்ரா என்ற பூச்சியின் இளம்புழு அது. கண்ணாடி மாதிரி உடம்பு. குளத்துத் தண்ணீரில் மேலே மிதக்காமலும் கீழே மூழ்காமலும் அப்படியே நிற்கும். உடம்புக்குள் குட்டிக் காற்றுப் பைகள் உண்டு. அந்தப் பைகளின் அளவை மாற்றியே புழு தன் மிதப்பைச் சரிசெய்கிறது என்று க்ரோக் கண்டார். நீர்மூழ்கிக் கப்பலின் தொட்டிகள் செய்யும் வேலைதான் அது. கப்பல்காரர் மகனுக்கு இது கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை. பைக்குள் என்ன வாயு இருக்கிறது என்று தெரிய, குண்டூசித் தலையைவிடச் சிறிய குமிழைப் பகுத்தாய வேண்டும். கடையில் கிடைக்கும் கருவி உதவாது. தானே செய்துகொண்டார். வாழ்நாள் முழுக்க அவர் செய்தது இதைத்தான்: கேள்வி வந்தால், அதற்கான கருவியைக் கையால் உருவாக்குவது.

மூச்சை ஏன் அளக்கணும்?

ஒரு விலங்கு எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாப்பாட்டை எடை போடலாம். ஆனால் காட்டில், குளத்தில், வானத்தில் இருக்கும் உயிருக்கு அது நடக்காது. இன்னொரு வழி மூச்சு. உணவு உடம்புக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சக்தியாகிறது. தோராயமாக 1 லிட்டர் ஆக்சிஜன் செலவானால் 5 கிலோகலோரி வெளிப்படும். அது எலியானாலும் யானையானாலும் ஒன்றுதான்.

இதில் இன்னொரு ரகசியமும் கிடைக்கும். வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடை உள்ளே போகும் ஆக்சிஜனால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 1 என்றால் எரிவது மாவுச்சத்து. 0.7 என்றால் கொழுப்பு. அதாவது, மூச்சைப் பார்த்தே அந்த உயிர் எந்த எரிபொருளில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

1903இல் க்ரோக்கின் முனைவர் பட்ட ஆய்வு தவளை பற்றியது. தவளைக்கு நுரையீரலும் உண்டு, ஈரத்தோல் வழியாகவும் மூச்சு விடும். எது எவ்வளவு? ஆக்சிஜனில் பெரும்பகுதி நுரையீரல் வழியாக உள்ளே வருகிறது, கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி தோல் வழியாக வெளியேறுகிறது என்று பிரித்துக் காட்டினார். அடுத்து, உடம்பு நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றுகிறதா என்ற கேள்வி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் புரதம் எவ்வளவு செரித்தது என்ற கணக்கு முழுக்க நைட்ரஜன் வரவு–செலவில்தான் நிற்கிறது. மூச்சில் நைட்ரஜன் கசிந்தால் அந்தக் கணக்கே தப்பு. கூட்டுப்புழுக்கள், முட்டைகள், சுண்டெலிகள் என்று வைத்து அளந்து, கசிவு இல்லை என்று நிரூபித்தார். அதற்கு 1906இல் வியன்னா அகாடமியின் பரிசு கிடைத்தது.

மரி

1905இல் க்ரோக் திருமணம் செய்துகொண்ட மரி யோர்கன்சன் மருத்துவம் படித்தவர். பின்னாளில் முனைவர் பட்டமும் பெற்றார். கணவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்த உதவியாளர் இல்லை. கார்பன் மோனாக்சைடை மிகச் சிறிய அளவில் சுவாசிக்க வைத்து, நுரையீரலில் இருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று அளக்கும் முறையை வளர்த்தவர் அவர்தான். இன்று பெரிய மருத்துவமனைகளில் நுரையீரலுக்குச் செய்யும் ஒரு முக்கியப் பரிசோதனைக்கு வேர் அதுதான்.

1908இல் இருவரும் கிரீன்லாந்து போனார்கள். அங்குள்ள இனுயிட் மக்கள் பெரும்பாலும் சீல், மீன் என்று இறைச்சியிலேயே வாழ்ந்தார்கள். அவர்கள் உடம்பு அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதை, மூச்சை அளக்கும் அறை ஒன்றை அமைத்து ஆராய்ந்தார்கள். பழைய பதிவுகளை வைத்து அவர்கள் போட்ட மதிப்பீட்டில் ஒருவரின் ஒரு நாள் உணவில் சுமார் 280 கிராம் புரதம், 135 கிராம் கொழுப்பு, வெறும் 54 கிராம் மாவுச்சத்து. நம்ம ஊர் சாப்பாட்டுத் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. இன்றைய கீட்டோ, பேலியோ விவாதங்களில் சுற்றிவரும் எண்களில் இதுவும் ஒன்று. யார் அளந்தது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

குருவுக்கு எதிராக ஏழு கட்டுரைகள்

க்ரோக்கின் ஆசிரியர் கிறிஸ்டியன் போர். அணு இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அப்பா. நுரையீரல் ஒரு சுரப்பி மாதிரி வேலை செய்து, ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுகிறது என்பது அவருடைய கொள்கை. க்ரோக் அவருடைய ஆய்வகத்தில் வளர்ந்தவர், அவருக்கு உதவியாளராக இருந்தவர். ஆனால் தன் நுண்ணிய கருவியில், ரத்தம் ஒரு சின்னக் குமிழைத் தொட்டுப் போகும்படி செய்து அளந்தபோது, எண்கள் குருவின் பக்கம் நிற்கவில்லை. தள்ளுவது எதுவும் இல்லை. அழுத்தம் அதிகமாக இருக்கும் இடத்தில் இருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு வாயு தானாகப் பரவுகிறது, அவ்வளவுதான்.

1910இல் ஏழு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. சிலவற்றில் மரியின் பெயரும் உண்டு. குருவின் கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது என்பதையும், அவருக்குத் தான் பட்ட கடனையும் க்ரோக் சேர்த்தே எழுதினார். அடுத்த ஆண்டே போர் இறந்துபோனார். மென்மையான சுபாவம் கொண்ட க்ரோக்குக்கு இது சுலபமாக இருந்திருக்காது. ஆனால் அளவு காட்டியதை மாற்றி எழுத அவர் தயாராக இல்லை.

நுரையீரல் முடிந்தது. அடுத்து, ஓடும்போது தசைக்குப் பல மடங்கு ஆக்சிஜன் எப்படிப் போய்ச் சேர்கிறது? தவளை, கினிப் பன்றி ஆகியவற்றின் ரத்த ஓட்டத்தில் மையைச் செலுத்தி, எத்தனை தந்துகிகளில் ரத்தம் ஓடுகிறது என்று எண்ணினார். ஓய்வில் சிலவே திறந்திருந்தன. வேலை செய்யும் தசையில் ஏராளமாகத் திறந்துகொண்டன. ஒரு தந்துகியில் இருந்து ஆக்சிஜன் எவ்வளவு தூரம் பரவும் என்ற கணிதத்தைப் போட்டுக்கொடுத்தவர் எர்லாங். ஆம், டெலிகாம் துறையினர் இன்றும் போன் நெரிசலை அளக்கும் ‘எர்லாங்’ அலகின் சொந்தக்காரர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்துக் கணிதவியலாளர் அவர். ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் ரத்தம் ஓடத்தான் செய்கிறது என்று பிற்கால ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைத் திருத்தியிருக்கின்றன. ஆனால் அந்தக் கேள்வியைத் திறந்துவிட்டவர் க்ரோக். 1920இன் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

டொரன்டோவில் இரண்டு நாள்

அந்தக் கொண்டாட்டம் ஓய்வதற்குள் வீட்டில் இடி. 1921இல் மரிக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அன்று இருந்த ஒரே வழி கடுமையான உணவுக் கட்டுப்பாடு. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடோர்ன்.

1922 இலையுதிர் காலத்தில் க்ரோக் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உரையாற்றப் போனார். மரியும் கூடப் போனார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் கனடாவின் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் முறையாக இன்சுலின் செலுத்தப்பட்டிருந்தது. மருத்துவ வட்டாரத்தில் அதுவே பேச்சு. மரி பிடிவாதமாகச் சொன்னார்: டொரன்டோ போய் நேரில் பாருங்கள். க்ரோக் அங்கிருந்த பேராசிரியர் மெக்லியாடுக்குக் கடிதம் எழுதினார். நவம்பர் 23, 24 தேதிகளில் அங்கே இருந்தார். திரும்பும்போது, ஸ்காண்டிநேவிய நாடுகளில் இன்சுலின் தயாரிக்க அனுமதி அவர் கையில் இருந்தது.

டிசம்பர் 12இல் டென்மார்க் வந்து சேர்ந்தார். டிசம்பர் 21இல், மாட்டுக் கணையத்தில் இருந்து அவரும் ஹேகடோர்னும் முதல் சாற்றை எடுத்துவிட்டார்கள். ஒன்பதே நாள்! 1923 மார்ச்சில் டென்மார்க் நோயாளிகளுக்கு இன்சுலின் கிடைக்கத் தொடங்கியது. மருந்து நிறுவனக்காரரான ஆகஸ்ட் கோங்ஸ்டெட் பணம் தந்தார். லாபம் நோக்கமல்ல என்ற அடிப்படையில் நோர்டிஸ்க் இன்சுலின் ஆய்வகம் பிறந்தது. உபரிப் பணம் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் போனது.

இந்த வேகம் வெறும் அதிர்ஷ்டம் இல்லை. சாற்றை எடுப்பது ஒரு பாதி, அதில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று அளப்பது மறுபாதி. கொஞ்சம் கூடினாலும் நோயாளியின் சர்க்கரை சரிந்து உயிர் போகலாம். சின்ன உயிர்களில் சின்ன மாற்றங்களை அளப்பதில் க்ரோக்குக்கு இருந்த கை இங்கே கைகொடுத்தது. இன்சுலினின் வீரியத்தைச் சுண்டெலிகளை வைத்து நிர்ணயிக்கும் முறையிலும் அவர் வேலை செய்தார். 1923இன் நோபலுக்கு பான்டிங், மெக்லியாட் இருவரையும் பரிந்துரைத்தவர்களில் அவரும் ஒருவர். பான்டிங்கோடு ராப்பகலாக உழைத்த பெஸ்ட் விடுபட்டதில் இன்றுவரை சர்ச்சை உண்டு.

க்ரோக்குக்குக் கருவிகள் செய்துகொடுத்த மெக்கானிக் ஹரால்ட் பீடர்சன். அவருடைய சகோதரர் தோர்வால்ட், ஹேகடோர்னோடு சண்டையாகி வேலையை இழந்தார். ஹரால்டும் விலகினார். சகோதரர்கள் போட்டியாகத் தொடங்கிய கம்பெனிதான் ‘நோவோ’. அறுபது ஆண்டுகளுக்கு மேல் முறைத்துக்கொண்டிருந்த இரண்டும் 1989இல் இணைந்தன.

சரியான கேள்விக்குச் சரியான விலங்கு

இன்சுலினோடு நின்றிருந்தால் க்ரோக் பணக்காரராகியிருக்கலாம். அவர் திரும்ப விலங்குகளிடம் போனார். 1929இல் அமெரிக்காவில் நடந்த உலக உடலியல் மாநாட்டில், இன்று ‘க்ரோக் கொள்கை’ என்று அழைக்கப்படும் கருத்தைச் சொன்னார்: பெரும்பாலான கேள்விகளுக்கு, அதைச் சுலபமாக ஆராய ஏற்ற ஒரு விலங்கு எங்காவது இருக்கும். போரின் ஆய்வகத்தில் ஓர் ஆமை வகை அவருக்குத் தெரியும். அதன் மூச்சுக்குழல் கழுத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டு நுரையீரல்களையும் தனித்தனியாக அளக்க வசதி. உடலியல்காரர்களுக்காகவே படைக்கப்பட்டது என்று அங்கே கேலி பேசுவார்களாம்.

1943இல் மரி இறந்தார். அவரைக் கொண்டுபோனது நீரிழிவு அல்ல, மார்பகப் புற்றுநோய். அப்போது டென்மார்க் நாஜிகள் பிடியில். 1944இல் க்ரோக்கும் தலைமறைவாகி ஸ்வீடனுக்குத் தப்ப வேண்டியிருந்தது. போர் முடிந்து 1945இல் திரும்பி, ஓய்வு பெற்று, எழுபது வயதில் கெண்டோஃப்டேயில் சொந்த ஆய்வகம் அமைத்தார். விருந்தாளி, பாலைவன வெட்டுக்கிளி.

இளம் ஆய்வாளர் டோர்கெல் வைஸ்-ஃபோவோடு சேர்ந்து, வெட்டுக்கிளியைக் கட்டிப் பறக்கவிட்டு அதன் மூச்சை அளந்தார். பறக்கத் தொடங்கியதும் ஆக்சிஜன் செலவு பல மடங்கு எகிறியது. நீண்ட பறத்தலில் அது எரித்தது பெரும்பாலும் கொழுப்பை. இங்கே ஒரு சுவாரசியம். 1920இல் க்ரோக்கும் அவருடைய சகா லிந்ஹார்டும் மனிதர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து, கொழுப்பை எரித்து வேலை செய்தால் மாவுச்சத்தைவிட ஏறத்தாழ 10% கூடுதல் சக்தி செலவாகிறது என்று கண்டிருந்தார்கள். அப்படியென்றால் வெட்டுக்கிளிக்கு ஏன் கொழுப்பு? எடைதான் விஷயம். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும், மாவுச்சத்து 4. அதோடு உடம்பில் சேமிக்கும் மாவுச்சத்து தண்ணீரையும் சுமந்துகொண்டே இருக்கும். கடல் தாண்டிப் பறக்கும் பூச்சிக்கு ஒவ்வொரு மில்லிகிராமும் சுமை.

இந்த ஆய்வுக் கட்டுரை 1951இல் அச்சில் வந்தபோது க்ரோக் இல்லை. 1949 செப்டம்பர் 13இல் கோபன்ஹேகனில் காலமானார்.

அதற்கு முன்பே அவருடைய இளைய மகள் போடில், கணவர் நுட் ஷ்மிட்-நீல்சனோடு அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்குப் போயிருந்தார். அங்கே கங்காரு எலி என்ற ஒரு சின்னப் பிராணி உண்டு. காய்ந்த விதைகளைத் தின்றே வாழும், தண்ணீரே குடிக்காது. எப்படி உயிரோடு இருக்கிறது? விதை உடம்புக்குள் எரியும்போது சக்தியோடு கொஞ்சம் தண்ணீரும் உண்டாகிறது. மனிதனைவிடப் பல மடங்கு அடர்த்தியான சிறுநீரைக் கழித்து, அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்து எலி வாழ்கிறது என்று அவர்கள் கண்டார்கள். வரவு–செலவுக் கணக்கை அப்பா ஆக்சிஜனில் போட்டார், மகள் தண்ணீரில் போட்டார். போடில் 1975இல் அமெரிக்க உடலியல் கழகத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.