வெள்ளைச் சேலை, வெண்கலக் குரல்!
கே.பி.சுந்தராம்பாள் வாழ்க்கை வரலாறு

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி.

நாடக மேடையில் ராஜாவாக விளங்கிய எஸ்.ஜி.கிட்டப்பா காலமானார். அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவருடைய மனைவி கே.பி.சுந்தராம்பாள் துடித்துப் போனார். அவருக்கு அப்போது வயது 25.

பட்டுச் சேலையை ஒதுக்கினார். நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

நடிப்புத்தான் அவருடைய பிழைப்பு. அந்தக் கால நாடகம் என்றால் ராஜாவும் ராணியும், காதலனும் காதலியும்தான். ஜோடி சேராத நடிகைக்கு மேடையில் என்ன வேலை? இவருடைய நடிப்பு வாழ்க்கை இதோடு முடிந்தது என்றே பலரும் எண்ணினார்கள்.

ஆனால், அவர் பெரும் புகழ் பெற்றது அதற்குப் பிறகுதான்!

பசியும் பாட்டும்

காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. அங்கே 1908-ல் பிறந்தார் சுந்தராம்பாள். தாயார் பெயர் பாலாம்பாள். வீட்டில் வறுமை. சில நாள் அடுப்பே எரியாது.

சிறுமி சுந்தராம்பாளிடம் இருந்த ஒரே சொத்து அவளுடைய குரல். ரெயிலில் பாடுவாள். பயணிகள் கொடுக்கும் காசைக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுப்பாள்.

எப்.ஜி.நடேச ஐயர் ரெயில்வே அதிகாரி. நாடகத்தில் மிகுந்த பற்று உடையவர். அந்தக் குரலைக் கேட்டு அவர் வியந்தார். சிறுமிக்கு நாடக உலகின் கதவு திறந்தது. வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் அவள் சேர்ந்தாள்.

"நல்லதங்காள்" நாடகத்தில் அவளுக்குப் பையன் வேஷம். பசியால் வாடும் பிள்ளையாக வந்து பாட வேண்டும். பசி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. அவள் பாடியபோது கொட்டகையில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

கிட்டப்பாவுடன்

சுந்தராம்பாள் வளர்ந்தார். இலங்கைக்குச் சென்று நாடகங்களில் நடித்தார். அங்கேதான் செங்கோட்டை கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது.

மைக் இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாட வேண்டும். கிட்டப்பாவின் குரலுக்கு ஈடு கொடுக்க இந்தப் பெண்ணால் முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். சுந்தராம்பாள் ஈடு கொடுத்தார். மேடையில் பாட்டுக்குப் பாட்டு போட்டி நடந்தது. அந்தப் போட்டி காதலாக மாறியது. 1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள்.

"வள்ளி திருமணம்" நாடகத்தில் கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. இதை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1922-ல் புதுச்சேரியில் மறைந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கமானவர். அவருடைய நாடகத்தை இந்த ஜோடி ஊர் ஊராகக் கொண்டு சென்றது. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

ஆனால் வீட்டில் அந்த இன்பம் நிலைக்கவில்லை. கிட்டப்பாவுக்கு முன்பே திருமணமாகி மனைவி இருந்தார். சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. இருவரும் பிரிந்தார்கள். கிட்டப்பாவின் உடல்நிலையும் கெட்டது.

பிரிந்திருந்தாலும் சுந்தராம்பாளின் அன்பு குறையவில்லை. அதனால்தான் 25 வயதில் உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் கடைசி வரை மாற்றவில்லை.

ஒரு லட்சம் ரூபாய்!

துக்கத்தில் இருந்தவரைக் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி பொது வாழ்வுக்கு அழைத்து வந்தார். சுந்தராம்பாள் கதர் உடுத்தி, தேசியக் கூட்டங்களில் பாடினார். அவர் பாடுகிறார் என்றாலே கூட்டம் கூடியது.

அப்போது பேசும் படம் வந்து நாலைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அசன்தாஸ் என்ற பட அதிபர் "நந்தனார்" கதையைப் படமாக்க விரும்பினார். சுந்தராம்பாளை அணுகினார்.

சினிமாவில் நடிக்க அவருக்கு விருப்பம் இல்லை. வந்தவர் தாமாகவே திரும்பிப் போகட்டும் என்று நினைத்து, ஒரு லட்சம் ரூபாய் கேட்டார்.

மாதம் பத்து, இருபது ரூபாயில் பல குடும்பங்கள் வாழ்ந்த காலம் அது. ஆனால் அசன்தாஸ் தயங்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டார்!

சுந்தராம்பாளின் உறுதிக்கும் பங்கம் வரவில்லை. படத்தில் அவருக்குக் கதாநாயகி வேஷம் அல்ல. நந்தனார் வேஷமே அவருக்குத்தான். வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1935-ல் படம் வெளிவந்தது. பத்திரிகையில் கண்டனமும் வந்தது. என்றாலும், ஒரு லட்சம் வாங்கிய நடிகை என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

துறவி வேஷங்கள்

அதன் பிறகு அவர் ஏற்ற வேஷங்களைப் பாருங்கள்.

1940-ல் "மணிமேகலை". அரசகுமாரனின் காதலை ஏற்காமல், பசித்தவர்களுக்குச் சோறு போட்ட துறவி.

1953-ல் ஜெமினியின் "அவ்வையார்". கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரை வேண்டி, இளமையிலேயே முதுமை பெற்றவர் அவ்வை. சுந்தராம்பாள் நடித்ததைப் பார்த்தவர்கள், அவ்வையார் என்றால் இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1965-ல் "திருவிளையாடல்" படத்திலும் அவரே அவ்வையாக வந்தார்.

1964-ல் "பூம்புகார்". அதில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாகச் சென்ற கவுந்தி அடிகள்.

1973-ல் "காரைக்கால் அம்மையார்". புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த காரைக்காலில் பிறந்து, கணவன் பிரிந்துபோன பின் அழகை உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கிய அடியார். இளவயது அம்மையாராக லட்சுமி நடித்தார். முதிய அம்மையாராக சுந்தராம்பாள் நடித்தார்.

எதிலும் காதல் காட்சி இல்லை. ஜோடி இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கவும், குரலைக் கேட்கவும் கூட்டம் அலைமோதியது.

பெருமைகள்

1951-ல் சென்னை மேல்சபை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர் இவரே என்று சொல்வார்கள். 1969-ல் வெளியான "துணைவன்" படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

விருது வாங்கப் போனபோதும், சபைக்குப் போனபோதும், நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளைச் சேலையும்தான் அவருக்கு அலங்காரம்.

1980-ம் ஆண்டு சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா மறைந்து 46 ஆண்டுகள் கடந்திருந்தன. அத்தனை ஆண்டுகளிலும் அவர் தம் உறுதியை ஒருநாளும் தளர்த்தவில்லை, பாடுவதையும் விடவில்லை.