சிறுவர் பத்திரிகை தந்த அல்பெரியோனே அடிகளார்

பாடப் புத்தகத்துக்குள் படக்கதையை மறைத்து வைத்துப் படித்தவர்கள் நம் பங்கிலே பலர் உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்த காலத்துப் பிள்ளைகள் அவர்கள். இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். படக்கதை என்றாலே அன்று பெரியவர்கள் முகஞ்சுளித்தார்கள். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, சிறுவர்க்கென்று பத்திரிகை நடத்துவதும் குருவானவரின் வேலையே என்று துணிந்தவர் ஒருவர் இத்தாலியில் இருந்தார். அவர்தாம் ஜேம்ஸ் அல்பெரியோனே அடிகளார்.

1884 ஏப்ரல் 4-ஆம் நாள், வட இத்தாலியில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் ஆசிரியை கேட்டபோதே குருவாகப் போவதாகச் சொன்ன பிள்ளை. 12 வயதில் பிரா நகரக் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். தகாத புத்தகங்களும் தகாத நட்பும் அவரைத் தடுமாறச் செய்தன என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1900-இல், 16 வயதில், குருமடத்தை விட்டு வீடு திரும்ப நேர்ந்தது. குருமடம் போன மகன் திரும்பி வந்தால் தாயின் மனம் என்ன பாடுபடும் என்பதை நம் ஊர்த் தாய்மாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஆல்பா குருமடம் அவரை ஏற்றுக்கொண்டது. 1900 டிசம்பர் 31 இரவு, புது நூற்றாண்டு பிறக்கும் வேளையில், ஆல்பா பேராலயத்தில் நற்கருணை நாதர் முன் நான்கு மணி நேரம் முழந்தாளிட்டிருந்தார். வரப்போகும் தலைமுறைக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் அவருள் வேரூன்றியது. படிப்பினால் தடுமாறிய பையன், படிப்பைக் கொண்டே பிறரைத் தாங்கப் புறப்பட்டான் என்று கொள்ளலாம்.

1907-இல் குருப்பட்டம் பெற்றார். 1913-இல் ஆயர் தம் மறைமாவட்ட வாரப் பத்திரிகையை அவரிடம் ஒப்படைத்தார். 1914 ஆகஸ்டு 20-ஆம் நாள், இரண்டொரு சிறுவரை வைத்து ஓர் அச்சுப் பள்ளி தொடங்கினார். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் இறந்ததும் அன்றே. முதல் உலகப்போர் மூண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்தச் சிறு பள்ளியே பின்னர் புனித பவுல் சபையாயிற்று. 1915-இல் பெண்களுக்கான சபையும் உருவாயிற்று. 1923-இல் அடிகளார் கடும் நோயில் விழுந்தார். பிழைப்பது அரிது என்றே பலர் எண்ணினர்.

எழுந்து வந்தவர் 1924 அக்டோபர் 1-ஆம் நாள் வெளியிட்டதுதான் 'இல் ஜொர்னலீனோ' என்னும் சிறுவர் பத்திரிகை. தொடக்கத்தில் பக்திக் கதைகளே மிகுதி. நாளடைவில் படக்கதைகள் அதில் பெரும் இடம் பிடித்தன. 1970-இல் ஜான்னி தெ லூக்கா என்ற ஓவியர் ஒரு போலீஸ் அதிகாரியின் கதையை அதில் வரையத் தொடங்கினார். அடிகளார் மறைந்தபின், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் படக்கதையாக்கிச் சிறுவர் கையில் கொடுத்தார். பக்திப் பத்திரிகையில் போலீஸ் கதையா என்று கேட்பவர் கேட்கட்டும். பிள்ளைகள் விரும்பிப் படிக்காத பத்திரிகை எத்தனை பக்தியாக இருந்தென்ன?

இதே வழியில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கென 1946 முதல் 1972 வரை 'டிரஷர் செஸ்ட்' என்னும் படக்கதை இதழ் வந்தது. 1964-இல் அதில் வந்த தொடர் ஒன்றில், ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்பவரின் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. காட்டியபோது அவர் கறுப்பினத்தவர்! ஒபாமா வெற்றி பெற்றது அதற்கு 44 ஆண்டுகள் கழித்துத்தான்.

1931 கிறிஸ்மஸுக்கு அடிகளார் தொடங்கிய குடும்ப வார இதழ், பிற்காலத்தில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1935-இல் அவர் அனுப்பிய குருக்கள் அலகாபாத்தில் வந்திறங்கினர்; 1951-இல் கன்னியர் பம்பாய்க்கு வந்தனர். நம் நாட்டுக் கத்தோலிக்க இல்லங்களுக்கு அவர்கள் அச்சிட்ட புத்தகங்கள் வந்தது இவ்வழியாகவே.

1971 நவம்பர் 26-ஆம் நாள் ரோமையில் அடிகளார் மரணப் படுக்கையில் இருந்தபோது, பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் நேரில் வந்து அருகில் ஜெபித்தார். அன்று மாலையே 87 வயதில் உயிர் பிரிந்தது. 2003 ஏப்ரல் 27-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.