விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்த கார் பந்தய வீரர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்க்ஹார்ட் லேக் என்ற சிற்றூர் உள்ளது. 1950களின் தொடக்கத்தில் அந்த ஊரின் பொதுச் சாலைகளிலேயே கார் பந்தயம் நடத்தினார்கள். அதற்குத் தடை வந்தபின், ஊருக்கு அருகே மேடும் பள்ளமுமான நிலத்தில் 1955இல் ‘ரோட் அமெரிக்கா’ பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 4 மைல், அதாவது சுமார் 6.4 கிலோமீட்டர். நம் செப்பாங் தடத்தின் நீளம் 5.5 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் அளவு புரியும்.

இந்தத் தடத்தில் 1970, 1971 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தை வென்றவர் மார்க் டொனஹியூ. டிரான்ஸ்-ஆமில் ஓடியவை பந்தயத்துக்கென்றே பிறந்த கார்கள் அல்ல. கடையில் யாரும் வாங்கக்கூடிய கமாரோ, மஸ்டாங், ஜாவெலின் போன்ற கார்களைத்தான் விதிகளுக்கு உட்பட்டு மாற்றியமைத்து ஓட்டினார்கள். எனவே, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் விதிப்புத்தகமும் அங்கே எஞ்சின் அளவுக்கு முக்கியம். அந்தப் புத்தகத்தை டொனஹியூ அளவுக்குக் கூர்ந்து படித்தவர்கள் குறைவு.

1937இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்த அவர், 1959இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். அந்த நாட்களிலேயே தம்முடைய கார்வெட் காரில் மலையேற்றப் பந்தயங்களுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அனுபவசாலியான வால்ட் ஹான்ஸ்கன் இந்த இளைஞரின் திறமையைக் கண்டு கைகொடுத்தார். 1966இல் பிரான்சின் லெ மான்ஸ் தடத்தில் நடந்த ஒரு சோதனை ஓட்டத்தில் ஹான்ஸ்கன் உயிரிழந்தார். அவருடைய இறுதிச் சடங்கில்தான் ரோஜர் பென்ஸ்கி டொனஹியூவைத் தம் அணிக்கு அழைத்தார். பென்ஸ்கி பணத்தையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்ள, டொனஹியூ காரை ஓட்டியதோடு அதை மேம்படுத்தும் பொறியாளராகவும் இருந்தார்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் கொஞ்சம் உறுத்தலான பகுதி. 1967இல் அவர்கள் ஒரு கமாரோவின் உடற்கூட்டை அமிலத்தில் முக்கி எடுத்தார்கள். அமிலம் உலோகத் தகட்டை அரித்து மெலிதாக்கியது. காரின் எடை குறைந்தது. குறைந்தபட்ச எடை 2,800 பவுண்டு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கார் அதைவிட 250 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 113 கிலோ குறைவு. விஷயம் வெளியே வந்தபோது வெற்றியைப் பறிக்கப் பார்த்தார்கள். ஷெவ்ரலே நிறுவனமே போட்டியிலிருந்து விலகக்கூடும் என்று பென்ஸ்கி மிரட்டவே, வெற்றி தப்பியது. ஆனால் அடுத்த ஆண்டு முதல் எல்லாக் கார்களையும் பந்தயத்துக்கு முன்பே எடை போட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 1968இல் ஃபுளோரிடாவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்துக்குப் பென்ஸ்கி அணி இரண்டு கமாரோக்களைக் கொண்டுவந்தது. ஒன்று சரியான எடை, மற்றொன்று அந்தப் பழைய மெலிந்த கார். சரியான காரைச் சோதனைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் எண்ணை மாற்றி ஒட்டி, அதையே மறுபடியும் அனுப்பினார்கள். இரண்டு கார்களுக்கும் அனுமதி கிடைத்தது! அவர்கள் பிரிவில் முதலிடமும் கிடைத்தது.

இதை வெறும் சாமர்த்தியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே அணி, எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு பிரேக் பிஸ்டன்களைப் பின்னுக்கு இழுத்து, தேய்ந்த கட்டைகளை விரைவாக மாற்றும் வழியைக் கண்டது. அது சுத்தமான பொறியியல். எண்ணை மாற்றி ஒட்டியது ஏமாற்று. இவ்வளவுக்கும் டொனஹியூவுக்கு இருந்த பட்டப்பெயர் ‘கேப்டன் நைஸ்’! ஆனால் ஒன்று: அந்தத் தந்திரங்களை நாம் இன்று அறிய முக்கியக் காரணம், 1975இல் வெளிவந்த தம் நூலில் அவரே அவற்றை ஒளிக்காமல் எழுதியதுதான்.

1968இல் டிரான்ஸ்-ஆமின் 13 போட்டிகளில் 10இல் அவர் வென்றார். பிறகு அணி அமெரிக்கன் மோட்டார்ஸின் ஜாவெலினுக்கு மாறியது. காரின் பின்புறத்தை அழுத்திப் பிடிக்க ஒரு காற்றுத் தடுப்பு தேவைப்பட்டது. விற்பனைக் காரில் இல்லாததைப் பந்தயக் காரில் பொருத்த முடியாது. எனவே அவர் வடிவமைத்த தடுப்பு, அவருடைய கையெழுத்துடன் சுமார் 2,500 விற்பனைக் கார்களில் பொருத்தப்பட்டது. விதியை மீறாமலே வேலை முடிந்தது. 1971இல் ஏழு வெற்றிகளுடன் ஜாவெலின் பட்டத்தை வென்றது.

1972 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் சராசரியாக மணிக்கு 162.962 மைல் வேகத்தில் வென்றார். அந்தச் சாதனை 12 ஆண்டுகள் நிலைத்தது. 1973இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் தடத்தில், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் பொருத்திய மேட்டடோர் காரில் நாஸ்கார் பந்தயத்தையும் வென்றார். அந்த ஆண்டோடு ஓய்வும் அறிவித்தார். ஓய்வு நீடிக்கவில்லை. பென்ஸ்கி ஃபார்முலா 1 அணி தொடங்கியதும் திரும்பி வந்துவிட்டார்.

1975 ஆகஸ்ட் 9ஆம் தேதி டல்லடேகா தடத்தில் போர்ஷே 917/30 காரில் மணிக்கு 355 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். எட்டே நாட்களில், ஆஸ்திரிய கிராண்ட் பிரீ பந்தயத்தன்று காலைப் பயிற்சியில், டயர் பழுதாகிக் கார் தடத்தைவிட்டுப் பறந்தது. தடத்தின் ஓரம் நின்ற பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். டொனஹியூ முதலில் நினைவோடுதான் இருந்தார், பேசவும் செய்தார். பிறகு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, ஆகஸ்ட் 19ஆம் தேதி கிராஸ் நகர மருத்துவமனையில் காலமானார். வயது 38.

அப்போது அவருடைய மகன் டேவிட்டுக்கு எட்டு வயது. 2009இல் டேவிட் தம் அணியினருடன் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். அதே பந்தயத்தை அவர் தந்தை வென்றது 1969இல்.