மூன்றரைத் திங்கள் முதல்வர்

சென்னை மாகாண முதல்வர்களை வரிசைப்படுத்துவோர் பலர் பொப்பிலி அரசரிலிருந்து நேரே இராஜாஜிக்குத் தாவிவிடுவர். அவ்விருவருக்கும் இடையில் ஒருவர் இருந்தார். அவரே சர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு.

1875இல் பிறந்த இவர் தெலுங்கு நாட்டு வழக்கறிஞர். நீதிக்கட்சியின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர். 1920இல் இரட்டையாட்சி தொடங்கியபோது பதவியேற்ற மூன்று அமைச்சர்களுள் ஒருவராகி, 1923 வரை வளர்ச்சித் துறையைக் கவனித்தார். 1929இல் சீனிவாச சாஸ்திரியார் விட்டுவந்த தென்னாப்பிரிக்க இந்திய ஏஜென்ட் பொறுப்பு இவருக்கு வாய்த்தது. 1936இல் சில திங்கள் தற்காலிக ஆளுநராகவும் விளங்கினார். அந்நாளில் ஓர் இந்தியருக்கு அது எளிதில் கிட்டாத இருக்கை.

1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159ஐ வென்றது. (சொத்தும் வரியும் படிப்பும் உடையோர்க்கே அன்று வாக்கு, செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து உழவர் பலர்க்கு அது இல்லை.) ஆளுநர் தம் தனியதிகாரங்களைக் கொண்டு குறுக்கிடமாட்டேன் என உறுதி கூறாதவரை ஆட்சி ஏற்பதில்லை என்றது காங்கிரஸ். ஆளுநர் எர்ஸ்கின் சாஸ்திரியாரை அழைத்தார்; அவர் மறுத்தார். ரெட்டி நாயுடு ஒப்பினார்.

புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த ஏப்ரல் முதல் நாளிலேயே அமைச்சரவை பொறுப்பேற்றது. அவையில் பெரும்பான்மை இல்லை. ஆகவே அவை கூட்டப்படவேயில்லை. ஆறு திங்கள் அவ்வாறு ஓட்டச் சட்டத்தில் இடமிருந்தது. மக்கள் தீர்ப்பைப் புறந்தள்ளியவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. அப்பழியில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். ஆயினும் அந்த அமைச்சரவையை வெறும் பொம்மைக் கொலு என ஒதுக்க மனம் வரவில்லை. நமக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையில் பிறந்து, ஒடுக்கப்பட்டோர்க்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய எம்.சி. ராஜா அமைச்சராக அமர்ந்தது அதில்தான். அவரை அமர்த்திய இருக்கைக்கு மக்கள் வாக்கின் வலு இல்லாமற்போனதே வருத்தம்.

ஜூனில் வைசிராய் லின்லித்கோ சமாதான அறிக்கை விடுத்தார். ஜூலையில் வார்தாவில் கூடிய காங்கிரஸ் செயற்குழு பதவியேற்க இசைந்தது. ஜூலை 14இல் இராஜாஜி பொறுப்பேற்க, நாயுடு விலகினார்.

1940இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியைச் சாஸ்திரியார் துறந்தபோது, அங்கும் அடுத்து அமர்ந்தவர் ரெட்டி நாயுடுதான். 1942இல் அவர் மறைந்தார்.